மூணாவது அடி... மெதுவா அடி!

பிக்கிள்பால் கோர்ட்டுல புதுசா இறங்குற நம்ம பசங்களை அடையாளம் கண்டுபிடிக்க ரொம்ப மெனக்கெட வேணாம். முதல் அடி சர்வீஸ்... ஓகே. ரெண்டாவது அடி, எதிர் டீம் திருப்பி அனுப்புறது... அதுவும் ஓகே. மூணாவது அடி இருக்கே, அங்கதான் நம்மாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு, கடைசி ஓவர்ல இருபது ரன் தேவைங்கிற ரேஞ்சுக்கு ஒரு சாத்து சாத்துவார். பந்து புல்லட் மாதிரி போகும். போன வேகத்துல திரும்பியும் வரும். வந்து எங்கே படும்? பக்கத்துல அப்பாவியா நிக்கிற பார்ட்னரோட முழங்கால்ல!

இதைத்தான் பாஸ் இந்த வாரம் பேசப் போறோம். மூணாவது அடியை அடிக்காம, பூ மாதிரி தூக்கி, நெட்டுக்கு அந்தப் பக்கம் 'பொத்'துனு போடுற வித்தை. பேரு 'தேர்டு ஷாட் ட்ராப்'. பார்க்க மொக்கையா இருக்கும். கேலரியில ஒருத்தனும் விசில் அடிக்க மாட்டான். ஆனா இந்த ஆட்டத்துல டபுள்ஸ் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் பாதி இதுலதான் இருக்கு.

போன செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட் மிக்ஸட் டபுள்ஸ் செமி ஃபைனல். ஒரு பக்கம் தேர்டு இயர் பையன், கூட ஃபைனல் இயர் அக்கா. அக்கா ஸ்கூல் படிக்கும்போது பேட்மின்டன்ல மாவட்ட லெவல் வரைக்கும் போனவங்க. தம்பி செம ஸ்ட்ராங்... ஜிம் பாடி. ஒவ்வொரு மூணாவது அடியையும் மரண அடி அடிச்சார். எதிர் டீம் ரெண்டு பேரும் நெட் பக்கத்துல பேடிலைக் குறுக்கே வெச்சுக்கிட்டு நின்னாங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணும் செய்யலை. தம்பி அடிச்ச அடி அப்படியே சரிஞ்சு அக்கா காலடிக்கு வந்துச்சு. 11-4. மேட்ச் முடிஞ்சதும், "யார்ப்பா அது, அந்தப் பொண்ணால பாலை எடுக்கவே முடியலை"னு ஒரு குரூப் கமென்ட் அடிச்சது. நியாயமா சொல்லணும்னா, அந்தப் பந்தை யாராலயும் எடுத்திருக்க முடியாது. கொளுத்திப் போட்டது ஒருத்தர், கை சுட்டது இன்னொருத்தருக்கு!

அக்கா கத்தலை. தண்ணி பாட்டிலை மூடிக்கிட்டே, "டேய் தம்பி... உன் மூணாவது அடி சரியாகுற வரைக்கும் உன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. தம்பி மூஞ்சியைப் பார்க்கணுமே... வடிவேலு தோத்தார்!

சரி, மேட்டருக்கு வருவோம். அது ஏன் மூணாவது அடிக்கு மட்டும் இவ்வளவு பில்டப்?

இந்த ஆட்டம் 1965-ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்து பெயின்பிரிட்ஜ் தீவுல பிறந்தது. ஜோயல் பிரிட்சார்டும் பில் பெல்லும் லீவுல போரடிச்சுக்கிட்டிருந்த வீட்டுப் பிள்ளைங்களுக்காக, வீட்டுல இருந்த பேட்மின்டன் கோர்ட், டேபிள் டென்னிஸ் பேட், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து எல்லாத்தையும் கலந்துகட்டி ஒரு ஆட்டத்தை உருவாக்கினாங்க. பார்னி மெக்கல்லம் வந்து சேர்ந்துக்கிட்டார். விதிகளும் உருவாச்சு. பேருக்கும் ஊறுகாய்க்கும் சம்பந்தம் இருக்கானு கேட்டா, நேரடியா இல்லை. படகுப் போட்டியில மத்த டீம்ல மிஞ்சினவங்களை எல்லாம் ஏத்திக்கிட்டுப் போற படகுக்கு 'பிக்கிள் போட்'னு பேராம். பல ஆட்டத்துல மிஞ்சினதைக் கலந்து செஞ்ச ஆட்டத்துக்கு ஜோயலோட மனைவி ஜோன் வெச்ச பேர் அதுலேர்ந்து வந்ததுனு அவங்க குடும்பம் சொல்லுது. வீட்டு நாய் பேரு பிக்கிள்ஸ், அதனாலதான்னு இன்னொரு கதையும் ஓடுது. நாய்க் கதைதான் ஜாலியா இருக்கு, ஆனா நாய் வீட்டுக்கு வந்தது ஆட்டம் பிறந்ததுக்கு அப்புறம்தானாம்!

அந்த விதிகள்ல ஒண்ணுதான் நம்ம தலைவலிக்குக் காரணம். சர்வீஸ் போட்ட பந்து தரையில ஒரு தடவை விழுந்து எழும்பணும், அப்புறம்தான் எதிர் டீம் அடிக்கலாம். அவங்க திருப்பி அனுப்புற பந்தும் நம்ம பக்கம் விழுந்து எழும்பணும், அப்புறம்தான் நாம அடிக்கலாம். அதுக்கு அப்புறம்தான் அந்தரத்துலயே அடிக்கிற சுதந்திரம். இதனால என்னாகுது? சர்வீஸ் போட்ட டீம் ரெண்டு பேரும் பேஸ்லைன்லயே காத்துக்கிட்டு நிக்கணும். எதிர் டீம்ல ஒருத்தர் ஏற்கெனவே முன்னாடி நிக்கிறார், பந்தைத் திருப்பி அனுப்பின இன்னொருத்தரும் ஓடி வந்து சேர்ந்துடுறார். ஆக, மூணாவது அடிக்கு நீங்க ரெடியாகும்போது எதிரிங்க ரெண்டு பேரும் நெட்டுக்குப் பக்கத்துல, நீங்க ரெண்டு பேரும் நெட்டுலேர்ந்து 22 அடி தள்ளி. டென்னிஸ்ல சர்வீஸ் போடுறவன் ராஜா. இங்கே சர்வீஸ் போடுறவன்தான் மாட்டிக்கிட்டவன்!

ஆனா அந்த எதிரிங்களுக்கும் ஒரு கடிவாளம் உண்டு. நெட்டுலேர்ந்து ரெண்டு பக்கமும் 7 அடிக்கு ஒரு ஏரியா. பேரு 'கிச்சன்'. அதுக்குள்ள காலை வெச்சுக்கிட்டோ, அந்தக் கோட்டை மிதிச்சுக்கிட்டோ பந்தை அந்தரத்துல அடிக்கக் கூடாது. விழுந்து எழும்பினா உள்ளே போய் அடிச்சுக்கலாம். இப்ப பிளானை யோசிங்க. பந்தை அந்தக் கிச்சனுக்குள்ள தாழ்வா இறக்கிட்டா, எதிராளி அதை நெட் உயரத்துக்குக் கீழேர்ந்துதான் எடுத்தாகணும். கீழேர்ந்து எடுத்தா மேல் நோக்கித்தான் அடிக்க முடியும். மேல் நோக்கி அடிச்சா ஸ்மாஷ் கிடையாது. அவர் அதைக் குனிஞ்சு எடுக்கிற நேரத்துல நீங்களும் உங்க பார்ட்னரும் முன்னாடி வந்துடலாம். இவ்வளவுதான் மேட்டர்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? இன்ஜினீயரிங் புள்ளையாச்சே, சும்மா விட முடியுமா... பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்ல படிச்ச எறிபொருள் இயக்கத்தைத் தூசி தட்டி ஒரு பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். காற்றை மறந்துடுங்க, கணக்குக்காக. பந்தை முழங்கால் உயரத்துல, அதாவது தரையிலேர்ந்து அரை மீட்டர்ல அடிக்கிறோம். நெட் 6.7 மீட்டர் தள்ளி இருக்கு. நெட்டுக்கு மேல ஒரு சாண் இடைவெளி விட்டுத் தாண்டி, கிச்சனுக்குள்ள 1.6 மீட்டர்ல விழணும். விடை என்ன வருதுன்னா, கிட்டத்தட்ட 37 டிகிரி சாய்வு, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகம். பந்தோட உச்சி உயரம் ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அந்த உச்சி நெட்டுக்கு மேல இல்லை மக்களே, நம்ம பக்கம்! நெட்டுக்கு மூணு மீட்டர் முன்னாடியே பந்து உச்சிக்குப் போயிட்டு, நெட்டைத் தாண்டும்போது இறங்கிக்கிட்டிருக்கணும். நெட்டுக்கு மேல பந்து ஏறிக்கிட்டிருந்தா அது ட்ராப் இல்லை, எதிராளிக்கு நாம வைக்கிற விருந்து.

அடுத்த வரிதான் வயித்தைக் கலக்குது. அதே சாய்வுல வேகத்தை 5 சதவிகிதம் குறைச்சா, அதாவது முப்பதரை கிலோமீட்டர்... பந்து நெட்டுல. 5 சதவிகிதம் கூட்டினா, முப்பத்து மூணரை... பந்து கிச்சனைத் தாண்டிடுது. எதிராளி லேசா கையை நீட்டினாலே இடுப்பு உயரத்துல வசதியா கிடைக்கும். நிஜத்துல காற்று இருக்கு, ஓட்டை போட்ட 25 கிராம் பந்தை அது நல்லாவே இழுத்துப் பிடிக்கும், அதனால இன்னும் கொஞ்சம் வேகமா அடிக்கணும். ஆனா ஜன்னல் அவ்வளவு சின்னதுதான். அதனாலதான் முதல் நாள் யாருக்கும் இது வராது. ரெண்டாவது நாளும் வராது.

அப்ப எப்படித்தான் வரும்? கோர்ட்டுல சொல்லித் தர்றவங்க எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை: மணிக்கட்டை மறந்துடு. நம்ம ஊர்ல பேட்மின்டன்லேர்ந்து வர்றவங்கதான் அதிகம். அவங்களுக்கு மணிக்கட்டுதான் சாமி. ஒரு 'சடக்'குல ஷட்டிலை எங்கே வேணா அனுப்புவாங்க. அதே 'சடக்'கு இங்கே கவுத்துடும். யோசிச்சுப் பார்த்தா இதுவும் இன்ஜினீயரிங்தான். தோள், முழங்கை, மணிக்கட்டுனு மூணு மூட்டும் ஆடினா மூணு வேரியபிள். மூணும் ஒரே மாதிரி ஒத்துழைச்சாதான் அந்த 5 சதவிகித ஜன்னலுக்குள்ள பந்து போகும். மணிக்கட்டையும் முழங்கையையும் பூட்டிட்டு, தோள்லேர்ந்து மட்டும் ஊஞ்சல் மாதிரி கையை ஆட்டினா ஒரே ஒரு வேரியபிள். தப்பு நடக்க இடமே கம்மி.

இன்னும் சுலபமா சொல்லணுமா? கேன்டீன்ல நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிற ஃப்ரெண்டு பைக் சாவி கேட்கிறான். எப்படித் தூக்கிப் போடுவீங்க? கை கீழேர்ந்து மேல வரும், மெதுவா ஒரு வளைவு, அவன் மடியில போய் விழும். யாராவது பேஸ் பௌலிங் போடுற மாதிரி சாவியை வீசுவாங்களா? அந்தக் கைதான் பாஸ் இந்தக் கை. பேடில் பிடியையும் தளர்த்துங்க. பிடிக்கிற பலம் பத்துக்கு மூணு, நாலு போதும். இறுக்கிப் பிடிச்சா பந்து பேடில்ல பட்டுத் தெறிக்கும், தளர்த்திப் பிடிச்சா பந்தோட வேகத்தைக் கை வாங்கிக்கும். முழங்காலை மடக்கி உட்காரப் போற மாதிரி இறங்குங்க. பந்து உடம்புக்கு முன்னாடி இருக்கும்போது தொடுங்க. பக்கவாட்டுலயோ பின்னாடியோ போயிடுச்சுன்னா கணக்கு காலி. எழும்பின பந்து உச்சிக்குப் போயிட்டு இறங்கும்போது தொட்டா நிதானம் கிடைக்கும்.

எங்கே குறி வைக்கணும்? ஆரம்பத்துல நெட்டோட நடுவுல. ஓரத்துல நெட் 36 இன்ச் உயரம், நடுவுல 34. ரெண்டு இன்ச்தானேன்னு நினைக்காதீங்க, செமஸ்டர்ல ரெண்டு மார்க்கோட அருமை தெரிஞ்சவங்கதானே நாம! தவிர, நடுவுல போட்டா எதிர்ல இருக்கிற ரெண்டு பேருக்கும் "நீ எடு, நான் எடு"னு ஒரு செகண்டு குழப்பம் வரும். அது போனஸ்.

நம்ம தம்பி கதைக்கு வருவோம். வீம்புக்கார ஆளு. அக்கா சொன்னதுலேர்ந்து ஆறு வாரமா வேற எதுவும் ஆடலை. ட்ராப், ட்ராப், ட்ராப். அவர் பண்ணின நல்ல காரியம், பேஸ்லைன்லேர்ந்து ஆரம்பிக்காததுதான். முதல்ல கிச்சன் கோட்டுல நின்னு மெதுவா அந்தப் பக்கம் கிச்சனுக்குள்ள போட்டார். தொடர்ந்து பத்து விழுந்ததும் ரெண்டு அடி பின்னாடி. அங்கே பத்து. அப்புறம் இன்னும் ரெண்டு அடி. கோட்டை விட்டா மறுபடி முன்னாடி. பேஸ்லைனுக்குப் போய்ச் சேர மூணு வாரம் ஆச்சு. ஊறுகாய்னு சும்மாவா பேரு வெச்சாங்க... ஊறணும்ல!

இதுல ஒரு பெரிய சிக்கல், காசு. சென்னையில இப்ப மொட்டை மாடியிலகூட கோர்ட் போட்டுட்டாங்க. 2025-ல நடந்த வேர்ல்டு பிக்கிள்பால் லீக்ல சமந்தா 'சென்னை சூப்பர் சாம்ப்ஸ்' டீமுக்கு ஓனரானதுலேர்ந்து, இது என்ன ஆட்டம்னே தெரியாத பசங்ககூட பேரை மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. ஆனா கோர்ட் எல்லாம் மணிக்கணக்கு வாடகை. நாலு பேர் பாக்கெட் மணியைப் போட்டு ஒரு மணி நேரம் எடுத்தா, யாருக்காவது நின்னு பிராக்டீஸ் பண்ண மனசு வருமா? "வாடா மேட்ச் ஆடலாம்"தான். மேட்ச்ல மூணாவது அடி ஒரு ரேலிக்கு ஒண்ணுதான் வரும், அதுவும் நம்ம டீம் சர்வீஸ் போட்டாதான், அதுலயும் பாதி பார்ட்னருக்குப் போயிடும். ஒரு மணி நேரம் ஆடினாலும் உங்க கைக்குக் கிடைக்கிறது கொஞ்சம்தான். அதனாலதான் வருஷக்கணக்கா ஆடுறவங்ககூட அடிச்சுக்கிட்டே இருக்காங்க.

வழி நம்ம கேம்பஸ்லயே இருக்கு. பிக்கிள்பால் கோர்ட் 20-க்கு 44 அடி. பேட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டும் அச்சு அசல் 20-க்கு 44! பிறந்த கதையே அதுதானே. பேட்மின்டன்ல நெட் பக்கத்துல இருக்கிற ஷார்ட் சர்வீஸ் கோடு ஆறரை அடியில இருக்கும். அதுக்கு அரை அடி பின்னாடி ஒரு டேப் ஒட்டினா கிச்சன் ரெடி. நெட்டை இறக்கிக் கட்டணும், அவ்வளவுதான். தம்பியும் நாங்க நாலு பேரும் பி.டி. சார்கிட்ட போய் நின்னோம். "நெட்டை இறக்கினா பேட்மின்டன் டீம் என்னை உதைக்கும்டா"ன்னார். கடைசியில காலையில ஆறு மணியிலேர்ந்து ஏழு வரைக்கும், முடிஞ்சதும் நெட்டை நாமளே ஏத்தி வைக்கணுங்கிற கண்டிஷனோட சாவி கிடைச்சது. ஹாஸ்டல் பசங்க ஆறு மணிக்கு எழுந்திரிக்கிறதா... ஆனா நடந்துச்சு!

கோர்ட்டே இல்லைன்னாலும் சுவர் இருக்கு. தரையிலேர்ந்து மூணடி உயரத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு. பதினைஞ்சு அடி தள்ளி நின்னு, கோட்டுக்குக் கொஞ்சம் மேல படுற மாதிரி மெதுவா போட்டுக்கிட்டே இருக்கலாம். வார்டன் ரூம் சுவர் மட்டும் வேணாம். அந்தப் பந்து எழுப்புற 'டொக் டொக்' சத்தம் இருக்கே, வெளிநாட்டுல அதுக்காகவே பக்கத்து வீட்டுக்காரங்க கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க... நான் சொல்றது வக்கீல் இருக்கிற கோர்ட்!

இன்னொண்ணு. ட்ராப் போட்டதும் கண்ணை மூடிக்கிட்டு முன்னாடி ஓடுறாங்க பாருங்க, அது தற்கொலைப் படை. பந்து அடிச்ச நொடியிலேர்ந்து கிச்சன்ல விழ ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். அதுக்குள்ள அதிகபட்சம் பத்தடி ஓடலாம். கிச்சன் கோடு இருக்கிறதோ பேஸ்லைன்லேர்ந்து பதினைஞ்சு அடியில. ஒரே ட்ராப்புல போய்ச் சேர முடியாது. அதனால பந்தைப் பாருங்க. தாழ்வா இறங்குதா, நடங்க. உயரமா போகுதா, நின்ன இடத்துலயே பேடிலைத் தாழ்வா பிடிச்சுக்கிட்டு சாமியைக் கும்பிடுங்க. எதிராளி அடிக்கப் போற நொடியில எங்கே இருக்கீங்களோ, அங்கேயே ரெண்டு காலையும் ஊன்றி நில்லுங்க. ஓடிக்கிட்டே பந்தை எடுக்க முடியாது. அடுத்து வர்ற அஞ்சாவது அடியையும் ட்ராப்பா போட்டு மிச்ச தூரத்தைக் கடக்கலாம். ரெண்டு தவணை, வட்டி இல்லை!

"அப்ப வேகமா அடிக்கவே கூடாதா?"ன்னு கேட்கிற ஜிம் பாடிகளுக்கு... அடிக்கலாம் ராசா. எதிராளி அனுப்பின பந்து குட்டையா விழுந்து உயரமா எழும்பினா தாராளமா சாத்துங்க. இப்ப வர்ற கார்பன் பேடில்கள்ல பவர் அதிகம். அதனால பெரிய பிளேயர்களும் மூணாவதை நெஞ்சுக்கு நேரா அடிச்சு, தடுமாறி வர்ற பந்தை அஞ்சாவது அடியில ட்ராப் போடுறாங்க. பன்னிரண்டு வயசுலயே புரொஃபஷனலா ஆட வந்த அன்னா லீ வாட்டர்ஸ் அந்த அதிரடி ரகம். அடிக்கக் கூடாதுனு இல்லை, அடிக்கிறதைத் தவிர வேற எதுவும் தெரியாம இருக்கக் கூடாது. ஆழமா, பேஸ்லைன் பக்கத்துல தாழ்வா வர்ற பந்துக்கு ட்ராப்தான் மருந்து. பல வருஷம் நம்பர் ஒன்னா இருந்த பென் ஜான்ஸ், மேரிலேண்ட் பல்கலைக்கழகத்துல மெட்டீரியல்ஸ் இன்ஜினீயரிங் படிச்சவர். நம்ம இனம்! அவரோட நிதானத்தை வீடியோவுல பாருங்க, வேற ஒண்ணும் வேணாம்.

வீடியோ பார்க்க நெட்பேக் இல்லைன்னா, காலையில ஏதாவது அபார்ட்மென்ட் கோர்ட் பக்கம் போய் வேடிக்கை பாருங்க. அறுபது வயசு அங்கிள் ரெண்டு பேர், முழங்காலுக்கு கேப் மாட்டிக்கிட்டு, இருபது வயசுப் பசங்களை அலற விடுவாங்க. அவங்களால ஓட முடியாது, ஓங்கி அடிக்கவும் முடியாது. மெதுவா கிச்சனுக்குள்ள இறக்கிட்டு, மெதுவா நடந்து வந்து நிப்பாங்க. "தம்பி, வேர்க்குதே... ரெஸ்ட் எடுக்கிறீங்களா?"ன்னு கேட்பாங்க பாருங்க... அந்த அவமானத்துக்காகவே கத்துக்கலாம்.

அப்புறம் ஒரு சீரியஸ் விஷயம். நெட் பக்கத்துல நிக்கும்போது கண்ணுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கோங்க. பிளாஸ்டிக் பந்துதானேன்னு அலட்சியம் வேணாம், கண்ணுல அடிபட்டவங்க நிறைய. உங்க ட்ராப் உயரமா போனா அந்த அடி முதல்ல போறது உங்க பார்ட்னர் மேலதான். அவங்களுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, டீ செலவை ரெண்டு நாள் குறைச்சுக்கலாம்.

தம்பி இப்ப பேஸ்லைன்லேர்ந்து பத்துக்கு ஆறு உள்ளே போடுறார். மாடியில காத்து வீசினா நாலு. போன வெள்ளிக்கிழமை காலை அக்கா வந்து, பெஞ்சுல உட்கார்ந்து, அரை மணி நேரம் எதுவும் பேசாம எண்ணிக்கிட்டே இருந்தாங்க. கிளம்பும்போது, "எட்டு ஆக்கு, பார்க்கலாம்"னாங்க. அவங்க ஃபைனல் இயர். அடுத்த மாசம் நடக்கிற இன்டர் டிபார்ட்மென்ட்தான் அவங்களுக்குக் கடைசி டோர்னமென்ட். பேர் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. தம்பி அலாரத்தை அஞ்சரைக்கு மாத்திட்டார்.

அடுத்த வாரம் கிச்சன் கோட்டுல நின்னு ஆடுற 'டிங்க்' பத்திப் பேசலாம். அதுக்குள்ள உங்க கேம்பஸ் பேட்மின்டன் கோர்ட்டை ஒருதரம் அளந்து பார்த்து வையுங்க. டேப், சாக்பீஸ் ரெண்டும் ரெடியா இருக்கட்டும்!